எட்டு விமானிகளும் நான்கு ட்ரிகர்களும்: ஒரு கூட்டு மிஷன் தடம் மாறியதும் திருத்தப்பட்டதும்

பின்னணி

டிசிஎஸ் வேர்ல்ட் என்னும் போர்விமான சிமுலேட்டரில் வாரம் ஒரு முறை சேர்ந்து பறக்கும் ஒரு சிறு குழுவில் நிகழ்ந்தது இது. குழுவில் அப்போது எட்டுப் பேர் தவறாமல் வந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஆறு பேர் நீண்ட காலப் பழக்கம் உள்ளவர்கள். மற்ற இருவரும் விமானத்தைத் தனியாக இயக்கி, எழுந்து, இறங்கக் கற்றிருந்தாலும், மற்றவர்களோடு சேர்ந்து ஒரு தாக்குதலுக்குப் பறந்த அனுபவம் இல்லாதவர்கள். அதுவரை குழு பறந்தவை எல்லாம் வெளியிலிருந்து எடுத்த ஆயத்த மிஷன்கள். அவற்றில் விமான வகையும் ஆள் எண்ணிக்கையும் தங்களுக்குப் பொருந்துவதில்லை என்ற குறை இருந்ததால், தங்களுக்கென்று ஒரு மிஷனை உருவாக்கும் பொறுப்பை மூத்த விமானி ஒருவர் ஏற்றார். அவரை இங்கே வடிவமைப்பாளர் என்று குறிப்பிடுகிறேன். தனியாள் பறக்கும் மிஷன்கள் பலவற்றை நேர்த்தியாகச் செய்தவர் அவர். பலர் ஒரே நேரத்தில் பறக்கும் மிஷனை அவர் செய்தது இதுவே முதல் முறை.

களமாகத் தேர்ந்தது காகசஸ் வரைபடம். சிமுலேட்டருடன் இலவசமாகவே வருவதால் எட்டுப் பேரிடமும் அது இருந்தது என்பது ஒரு காரணம். மேற்கே கருங்கடல், வடக்கே மூவாயிரம் மீட்டருக்கு மேல் எழும் மலைத்தொடர், நடுவே ஒடுங்கிய கடற்கரைச் சமவெளி என்ற அதன் நிலவமைப்பு விமானிக்கு உண்மையான தேர்வுகளைத் தருகிறது என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாம் காரணமே பின்னர் மிஷனின் பலவீனத்தை வெளிக்கொண்டு வந்தது.

முதல் வடிவம்

குழுவினர் பறக்கும் நீல அணி குட்டைசி தளத்திலிருந்து எழ வேண்டும். இங்குரி ஆற்றுக்கு அப்பால் கணினி இயக்கும் எதிரியான சிவப்பு அணியின் பகுதி. அங்கே, ஏறத்தாழ 80 கடல் மைல் தொலைவில், சுகுமி நகரின் புறத்தே நிற்கும் எரிபொருள் வண்டிக் கூட்டத்தை அழிப்பது இலக்கு. நான்கு எஃப்/ஏ-18சி ஹார்னெட்டுகள் தாக்குதலுக்கு; இரண்டு எஃப்-16 விமானங்கள் ஹார்ம் ஏவுகணைகளுடன் எதிரி ரேடாரை அடக்குவதற்கு; இரண்டு எஃப்-15சி காவலுக்கு. சுகுமி விமான தளத்தின் அருகே ஒரு எஸ்ஏ-6 விமான எதிர்ப்பு ஏவுகணைப் படை நிறுத்தப்பட்டிருந்தது. இந்தப் படையில் ஒரே ஒரு ரேடார் வண்டியும் அதைச் சுற்றி ஏவுவண்டிகளும் இருக்கும். ரேடார் வண்டியை இழந்தால் மற்றவை வெறும் இரும்பு. அதன் ஏவுகணை எட்டும் தூரம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர்.

நிகழ்ச்சிகள் அனைத்தும் நான்கு ட்ரிகர்களில், அதாவது ஒரு நிபந்தனை நிறைவேறினால் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கும் விதிகளில், கோக்கப்பட்டிருந்தன. நீல அணியின் விமானம் ஏதாவது இங்குரி முகத்துவாரத்தை ஒட்டிய மண்டலத்துக்குள் வந்தால், குடௌட்டாவுக்கு மேலே வானிலேயே இரண்டு மிக்-29கள் தோன்றும். நீல விமானம் ஒச்சம்சிரா அருகே உள்ள இரண்டாம் மண்டலத்தில் நுழைந்தால், அதுவரை ரேடாரை அணைத்து மௌனமாக இருந்த எஸ்ஏ-6 படை விழித்துக்கொள்ளும். எரிபொருள் வண்டிக் கூட்டம் முழுவதும் அழிந்தால் வெற்றிச் செய்தி வரும். அதைத் தொடர்ந்து, திரும்பிச் செல்பவர்களைத் துரத்த இரண்டு சுகோய்-27கள் வடக்கிலிருந்து வரும்.

தாளில் பார்த்தால் இது நல்ல கதை. கடற்கரையை ஒட்டிப் பறக்கும்போது முதலில் வான்சண்டை, பிறகு திடீரென்று விழிக்கும் ரேடார், ஹார்ம் வீச்சு, குண்டுவீச்சு, துரத்தல் என்று ஒவ்வொன்றும் அடுத்ததற்கு இடம்விட்டு வரும். வடிவமைப்பாளர் ஹார்னெட்டிலும் எஃப்-16இலும் மாறி மாறி அமர்ந்து, தனியாக இதைப் பலமுறை பறந்து பார்த்திருந்தார். ஒவ்வொரு முறையும் மிஷன் அவர் எண்ணியபடியே ஓடியது. முன்விளக்கக் குறிப்பில் கடற்கரைப் பாதை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டப்பட்டிருந்தது. ஆனால் அதற்குமேல் ‘பரிந்துரைக்கப்படும் பாதை’ என்றே எழுதியிருந்தது.

பறப்பதற்கு முந்தைய நாள் ஒரு சேர்க்கை நடந்தது. புதியவர்களில் ஒருவர், எரிபொருள் பற்றாக்குறை வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. வடிவமைப்பாளர் பொட்டிக்கு அப்பால் கடல்மேல் வடக்கு தெற்காகச் சுற்றும் ஒரு டேங்கரை, அதாவது பறக்கும்போதே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் தரும் விமானத்தை, சேர்த்தார். அதன்பின் மிஷன் மறுபடி முழுமையாக ஓட்டிப் பார்க்கப்படவில்லை.

அன்றிரவு நடந்தவை

கீழே வரும் வரிசை, பறத்தலைப் பதிந்து மறுபடி ஓட்டிக் காட்டும் டாக்வியூ என்ற மென்பொருளின் பதிவிலிருந்து எடுத்தது. நினைவிலிருந்து பேசியபோது ஆளுக்கொரு வரிசை சொன்னார்கள். அவற்றுள் சில ஒன்றுக்கொன்று முரண்பட்டன.

மிஷன் கடிகாரம் ஐந்தாவது நிமிடத்தைத் தொட்டபோது விமானிகள் எவரும் தரையை விட்டு எழவில்லை. ஹார்னெட்டுகளின் திசையறி கருவிகள் இன்னும் சீராகிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் டேங்கர் தன் சுற்றின் வடக்கு முனையை அடைந்து, திரும்பும் வளைவில் முதல் மண்டலத்தின் ஓரத்தைச் சில நொடிகள் தொட்டுச் சென்றது. ட்ரிகருக்கு அது போதுமானதாக இருந்தது. மிஷனை அமைக்கும் கருவியான மிஷன் எடிட்டரில் வரையும் மண்டலம் வரைபடத்தில் வட்டமாகத் தெரிந்தாலும், அதற்கு உயர வரம்பு கிடையாது. தரையில் நிற்கும் ஜீப்பும் எட்டாயிரம் மீட்டரில் பறக்கும் டேங்கரும் அதற்கு ஒன்றே. நிபந்தனையும் ‘நீல அணியின் ஏதாவது ஒரு விமானம்’ என்றுதான் கேட்டது. மிக்-29கள் தோன்றின, கண்ணில் பட்ட முதல் இலக்கான டேங்கரை நோக்கித் திரும்பின, பன்னிரண்டாவது நிமிடத்தில் அதை வீழ்த்திவிட்டு, ரேடாரால் வானத்தைக் கண்காணித்து நீல அணிக்குத் தகவல் சொல்லும் எச்சரிக்கை விமானத்தை நோக்கிச் சென்றன.

காவல் விமானங்கள் இரண்டும் அவசரமாக எழுந்தன. ஒரு மிக் வீழ்ந்தது. ஒரு எஃப்-15ம் வீழ்ந்தது. எச்சரிக்கை விமானம் தப்பித் தெற்கே விலகியது. இந்தக் குழப்பத்தினிடையே எஃப்-16 இணையின் தலைவர் ஒரு முடிவெடுத்தார். கடற்கரையில் எதிரி விமானம் திரிகிறது. சுகுமி அருகே எஸ்ஏ-6 இருப்பதாகக் குறிப்பு சொல்கிறது. எனவே மலைக்குள் புகுந்து, கொடோரிப் பள்ளத்தாக்கு வழியாகத் தாழப் பறந்து, படையின் பக்கவாட்டில் திடீரென்று வெளிப்படுவது நல்லது. கையில் இருந்த தகவலுக்கு இதைவிடச் சிறந்த முடிவு இருக்க முடியாது என்பதே என் கணிப்பு. ஆனால் அந்தப் பாதை ஒச்சம்சிரா மண்டலத்தைத் தொடவே இல்லை. பள்ளத்தாக்கின் வாயில் அவர்கள் வெளிப்பட்டபோது எதிரே ஒரு ரேடாரும் இயங்கவில்லை. ஹார்ம் ரேடாரின் அலைகளைப் பற்றிச் செல்லும் ஏவுகணை; அலை இல்லாத இடத்தில் அதற்குப் பற்றுக்கோடு இல்லை. படை ஏற்கெனவே அழிந்துவிட்டது அல்லது இடம் மாறிவிட்டது என்று தலைவர் முடிவு செய்து, வானொலியில் ‘பாதை தெளிவு’ என்று அறிவித்தார்.

எஞ்சிய மிக்கிடமிருந்து விலகுவதற்காகக் கடல் பக்கம் ஒதுங்கியிருந்த ஹார்னெட்டுகள் அந்த அறிவிப்பை நம்பித் தென்மேற்கிலிருந்து சுகுமியை நோக்கி வந்தன. ஒச்சம்சிரா மண்டலத்தின் பெரும்பகுதியை அவை தொடவில்லை. அதன் வடமேற்கு விளிம்பை மட்டும் உரசின. அந்த விளிம்பிலிருந்து எஸ்ஏ-6 படை 17 கிலோமீட்டரில் இருந்தது. கடற்கரைப் பாதையில் தென்கிழக்கிலிருந்து வந்திருந்தால், ரேடார் விழிக்கும்போது விமானிகள் அதன் ஏவுகணை எட்டும் தூரத்துக்கு வெகு வெளியே இருந்திருப்பார்கள். இந்தப் பக்கமிருந்து வந்தவர்களுக்கு முன்னெச்சரிக்கை என்று ஒன்று கிடைக்கவே இல்லை. இரண்டு ஹார்னெட்டுகள் வீழ்ந்தன. அவற்றுள் ஒன்றை ஓட்டியவர் புதியவர்.

மீதி இருவரும் குண்டுகளை வீசி, எரிபொருள் வண்டிகள் அனைத்தையும் அழித்தனர். வெற்றிச் செய்தி வரவில்லை. வண்டிக் கூட்டத்தோடு ஒரே குழுவாக வைக்கப்பட்டிருந்த இசட்யூ-23 விமான எதிர்ப்புத் துப்பாக்கி ஒன்று, சற்றுத் தள்ளி மரங்களுக்கு நடுவே சேதமின்றி நின்றது. ட்ரிகர் கேட்டது குழு முழுவதும் அழிவதை. எதை இன்னும் தாக்க வேண்டும் என்று தெரியாமல் அவர்கள் சுற்றிச் சுற்றி எரிபொருளைத் தீர்த்தனர்; டேங்கர் இல்லை. வீழ்ந்த புதியவர் குட்டைசியிலிருந்து மறுபடி எழுந்து பாதி தூரம் வந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் சர்வரை விட்டு வெளியேறினார்.

பதிவைக் கொண்டு செய்த ஆய்வு

மறுநாள் நடந்த உரையாடல் முதலில் குற்றம் சாட்டுவதாகவே தொடங்கியது. பாதையைப் பின்பற்றாததுதான் காரணம் என்றார் வடிவமைப்பாளர். பரிந்துரை என்று எழுதியதைக் கட்டளையாக எப்படிக் கொள்வது என்றார் எஃப்-16 தலைவர். இருவர் பேச்சிலும் உண்மை இருந்தது. டாக்வியூ பதிவை எல்லோரும் சேர்ந்து ஓட்டிப் பார்த்த பின்னரே பேச்சு வேறு திசைக்குத் திரும்பியது. ஏனெனில் டேங்கரின் விஷயத்தில் எந்த விமானியும் எதையும் மீறவில்லை. ஒருவரும் பறக்காமலேயே மிஷன் குலைந்திருந்தது.

அதிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது: ஒவ்வொரு ட்ரிகரும் உண்மையில் எதைக் கேட்கிறது? எஸ்ஏ-6 படையின் ட்ரிகர், ‘விமானி கதையின் இந்த இடத்துக்கு வந்துவிட்டாரா?’ என்று கேட்டது. எதிரிப் படையின் கண்ணோட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. ஒச்சம்சிராவுக்கு மேலே ஒரு விமானம் பறக்கிறது என்பது அந்தப் படைக்கு எப்படித் தெரியும், தெரிந்தாலும் அங்கேதான் விழிக்க வேண்டும் என்று ஏன் நினைக்கும்? மிக்குகளின் ட்ரிகரும் அவ்வாறே. விமானங்கள் வானிலேயே பிறப்பதால், யார் கண்டு யாருக்குச் சொல்லி அவை எழுந்தன என்ற கேள்வியை மிஷன் கடந்துபோனது. தனியாளாகப் பறக்கும்போது இவை எதுவும் உறுத்தாது. அங்கே கதாசிரியரும் கதாநாயகனும் ஒருவரே. எட்டுப் பேர் தங்கள் அறிவைக் கொண்டு முடிவெடுக்கும் களத்தில், அந்த அறிவுக்கு எதிரி எதிர்வினை காட்டாவிட்டால் நல்ல முடிவுக்கும் கெட்ட முடிவுக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. பள்ளத்தாக்கு வழியே போன தலைவருக்குக் கிடைத்தது அதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ரேடாரை அணைத்துவைத்துக் காத்திருக்கும் படை என்ற வடிவமைப்பாளரின் கருத்து தவறானதன்று. வரலாறு அதன் பக்கமே இருக்கிறது. 1982 ஜூன் 9 அன்று பெக்கா பள்ளத்தாக்கில் இஸ்ரேல் ஆளில்லா விமானங்களை அனுப்பி, சிரியப் படைகளின் ரேடார்களை இயங்கவைத்து, பிறகு அவற்றுள் பெரும்பாலானவற்றை அழித்தது. 1999இல் யூகோஸ்லாவியாவின் வான்காப்புப் படையினர் ரேடார்களைச் சிறிது நேரமே இயக்கி, அணைத்து, அடிக்கடி இடம் மாறியதால் எஸ்ஏ-6 படைகள் பல போர் முடியும்வரை எஞ்சின. அந்தப் போரின் நான்காம் நாளான மார்ச் 27 அன்று, எஃப்-117 மறைவு விமானம் ஒன்றை அவர்கள் எஸ்-125 ஏவுகணையால் வீழ்த்தவும் செய்தனர். ஆக, மௌனம் யதார்த்தமானதே. இந்த மிஷனில் குறை, மௌனம் கலையும் தருணத்தை எதிரியின் எந்தத் தேவையோடும் இணைக்காமல் வரைபடத்தில் ஒரு வட்டத்தோடு இணைத்ததில் இருந்தது.

பேசப்பட்ட வழிகள்

மூன்று யோசனைகள் முன்வைக்கப்பட்டன. பாதையைக் கட்டாயமாக்கலாம் என்றார் ஒருவர். இது எளிது, மிஷனில் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கடலும் மலையும் உள்ள வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு கோட்டில் பறக்கச் சொல்வதில் பயனில்லை என்று பெரும்பாலோர் கருதினர். இன்னும் பல மண்டலங்களை வரைந்து எல்லாப் பாதைகளையும் மூடலாம் என்பது வடிவமைப்பாளரின் முதல் எண்ணம். அவர் ஒரு மாலை முழுவதும் அதை முயன்றும் பார்த்தார். மண்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஒரே மிக் இணை இருமுறை தோன்றாமல் தடுக்க ஃபிளாக்குகள், அதாவது எது நடந்துவிட்டது என்பதை மிஷன் நினைவில் வைக்கும் குறியீடுகள், வேண்டியிருந்தன. அந்த ஃபிளாக்குகளைக் கண்காணிக்க இன்னும் ட்ரிகர்கள். நான்காக இருந்தது இருபதைத் தாண்டியதும், எது எதைத் தடுக்கிறது என்பது அவருக்கே பிடிபடாமல் போனது. இந்த வழியில் போனவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் அதுவே.

மூன்றாவது யோசனை எஃப்-16 தலைவருடையது. எதிரியின் ஒவ்வொரு செயலுக்கும் ‘இதை எதிரி எதனால் செய்கிறான்?’ என்று எழுதிவைத்து, அந்தக் காரணத்தையே நிபந்தனையாக்க வேண்டும். காரணம் எழுத முடியாத ட்ரிகரை நீக்கிவிட வேண்டும். லுவா நிரலில் எழுதப்பட்ட ஆயத்த வான்காப்புத் தொகுப்புகள் இதைத் தாமாகவே செய்யும் என்பது குழுவுக்குத் தெரியும். என்றாலும் நிரல் படிக்கத் தெரிந்தவர் குழுவில் ஒருவர்கூட இல்லாததால், பழுது வந்தால் திருத்த முடியாத ஒன்றை நம்புவதைவிட மிஷன் எடிட்டரில் உள்ள நிபந்தனைகளைக் கொண்டே செய்வது என்று முடிவாயிற்று. இந்த முடிவு பின்னாளில் மாறலாம். அன்றைக்கு அது சரியானது.

எடுக்கப்பட்ட முடிவுகள்

மிக்குகள் இனி வானில் பிறக்கமாட்டா. குடௌட்டா தளத்தில் இயக்கமின்றி நிறுத்திவைக்கப்பட்டு, கட்டளை வந்தபின் இயந்திரத்தை இயக்கி எழும்படி அமைக்கப்பட்டன. தொடக்கத்திலிருந்தே அவை உலகில் இருப்பதால், யாராவது முதலில் குடௌட்டாவைத் தாக்க விரும்பினால் அவற்றைத் தரையிலேயே அழிக்கலாம். அப்படி யாரும் செய்யப்போவதில்லை என்றார் வடிவமைப்பாளர். செய்ய முடியும் என்பதே போதும் என்றார் தலைவர். அவை எழுந்து வரச் சில நிமிடங்கள் ஆவதால், எச்சரிக்கை விமானத்தின் அறிவிப்பைக் கேட்டு நீல அணி தன்னைச் சீர்செய்துகொள்ளவும் நேரம் கிடைக்கும்.

அவை எழுவதற்கான நிபந்தனைதான் அதிக விவாதத்துக்கு உள்ளானது. சுகுமிக்கு அருகே ஒரு முன்னெச்சரிக்கை ரேடார் நிலையம் வைக்கப்பட்டது. அதன் பார்வையைக் குறிக்கும் ஒரு பெரிய மண்டலம் வரையப்பட்டது. அந்த மண்டலத்துக்குள் நீல அணியின் தாக்கும் விமானங்களுள் ஒன்று குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும்; ரேடார் நிலையமும் உயிரோடு இருக்க வேண்டும்; இரண்டும் சேர்ந்தால்தான் மிக்குகள் எழும். இங்கும் வட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் இந்த வட்டம் களத்தில் உள்ள ஒரு கருவியின் கண்ணைக் குறிக்கிறது, அந்தக் கருவியை அழித்தால் வட்டம் செயலிழக்கிறது. மலைக்குள் தாழப் பறப்பவருக்கு அதற்குரிய பலன் கிடைக்கிறது. நிபந்தனை குறிப்பிட்ட குழுக்களைப் பெயரால் கேட்டதால் டேங்கரோ எச்சரிக்கை விமானமோ அதைத் தூண்ட முடியாது. இருந்தும் டேங்கரின் சுற்று பத்தூமிக்கு அப்பால், தெற்கே தள்ளி வைக்கப்பட்டது. டேங்கர் வகையும் அப்போதுதான் கவனிக்கப்பட்டது. ஹார்னெட் தன் குழாயை நீட்டிக் கூடையில் பொருத்தி எரிபொருள் பெறும். எஃப்-16க்கும் எஃப்-15க்கும் டேங்கரின் வால்பகுதியிலிருந்து இறங்கும் கம்பம் வேண்டும். முன்னர் வைத்தது கூடை உள்ள டேங்கர் மட்டும். இப்போது இரண்டு வகையும் வைக்கப்பட்டன.

எஸ்ஏ-6 படை தொடக்கத்திலிருந்தே ரேடாரை இயக்கிய நிலையில் இருக்கும் என்று முடிவாயிற்று. அதன் இருப்பிடம் குறிப்பில் ஒரு வட்டமாகத் தரப்பட்டது, புள்ளியாக அன்று. ஹார்ம் எட்டும் தூரம் அந்தப் படையின் ஏவுகணையைவிட அதிகம் என்பதால் இது விமானிகளுக்கு மிக எளிதாகிவிடும் என்று வடிவமைப்பாளர் எச்சரித்தார். புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு முதலில் அதுவே போதும் என்று மற்றவர்கள் கருதினர்.

வெற்றி நிபந்தனை படிநிலையாக மாற்றப்பட்டது. துப்பாக்கிகள் தனிக் குழுவாகப் பிரிக்கப்பட்டன. வண்டிகளில் பாதிக்குக் கீழே எஞ்சினால் பகுதி வெற்றி, முப்பது சதவீதத்துக்குக் கீழே எஞ்சினால் முழு வெற்றி என்று இரண்டு செய்திகள் அமைக்கப்பட்டன. துரத்தும் சுகோய்கள் நீக்கப்பட்டன. வண்டிகள் அழிந்த பிறகு துரத்துவதற்கு எதிரிக்கு என்ன காரணம் என்று யாராலும் எழுத முடியவில்லை.

சோதனை முறையில் வந்த மாற்றமே இவை எல்லாவற்றிலும் அதிகம் பயன் தந்தது என்று நினைக்கிறேன். முதலில், விமானிகள் எவரும் இல்லாமல் மிஷனை ஓடவிட்டு, நேரத்தை விரைவுபடுத்தி, கணினி இயக்கும் படைகள் தாமாக என்ன செய்கின்றன என்று இறுதிவரை பார்ப்பது. டேங்கரின் சிக்கல் இந்த ஒரு சோதனையில் பிடிபட்டிருக்கும். இரண்டாவதாக, வடிவமைப்பில் பங்கேற்காத ஒருவர் குறிப்பை மட்டும் படித்துவிட்டு, தமக்குத் தோன்றிய வழியில் பறப்பது. அந்த நேரத்தில் வடிவமைப்பாளர் வாய் திறக்கக் கூடாது. சோதனைக் காலத்தில் ஒவ்வொரு ட்ரிகரும் செயல்படும்போது திரையில் ஒரு வரி தோன்றும்படி செய்து, வெளியிடும் பிரதியில் அவை நீக்கப்பட்டன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு கோப்பு புதிய எண்ணுடன் சேமிக்கப்பட்டது.

தொடர்ந்து நடந்தவை

திருத்திய வடிவத்தில் பறந்த இரவு ஒழுங்காகவும், உண்மையைச் சொன்னால் சற்று மந்தமாகவும் கழிந்தது. வடிவமைப்பாளர் எச்சரித்தபடியே எஃப்-16 இணை தொலைவிலிருந்தே ஹார்ம் ஏவி ரேடார் வண்டியை அழித்தது. மிக்குகள் எழுந்து வந்தபோது எஃப்-15கள் உரிய உயரத்தில் காத்திருந்தன. ஹார்னெட்டுகள் நான்கும் இலக்கை அடைந்து திரும்பின. புதியவர்கள் இருவருக்கும் அது முதல் முழுப் பயணம்; அவர்கள் மகிழ்ந்தனர். பழையவர்களில் இருவர், சுகுமியில் ரேடார் செத்தபிறகு செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றனர்.

அதற்காகப் பழைய மண்டலத்துக்குத் திரும்பவில்லை. இரண்டாவது எஸ்ஏ-6 படை ஒன்று சேர்க்கப்பட்டது. மூன்று இடங்கள் குறிக்கப்பட்டு, மிஷன் தொடங்கும்போது ஃபிளாக்குக்குத் தற்செயல் மதிப்பு கொடுத்து, அவற்றுள் ஒன்றில் மட்டும் அது தோன்றும்படி அமைக்கப்பட்டது. ஆகவே வடிவமைப்பாளருக்கும் அது எங்கே என்று தெரியாது. அவரும் மற்றவர்களைப் போலவே பறக்கலாம். இந்தப் படை ஒன்றரை நிமிடம் ரேடாரை இயக்கி, பிறகு சில நிமிடங்கள் அணைத்து, மறுபடி இயக்கும். ஃபிளாக் எழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்கும் நிபந்தனையைக் கொண்டு இந்தச் சுழற்சி செய்யப்பட்டது. விமானிகள் எங்கே இருந்தாலும் அது தன் கடிகாரப்படியே நடக்கும். குறிப்பில், ‘இரண்டாவது படை இருக்கலாம் என்று ஐயம்’ என்ற ஒரு வரி மட்டும் சேர்ந்தது.

மூன்றாம் வடிவத்தில் பறந்தபோது எஃப்-16 இணை முதல் படையின்மீதே தம் ஹார்ம்கள் அனைத்தையும் செலவிட்டுவிட்டது. ஹார்னெட்டுகள் இலக்கை நெருங்கும் நேரத்தில் இரண்டாவது ரேடார் விழித்தது. எச்சரிக்கைக் கருவி ஒலித்ததும் தாக்குதல் தலைவர் நான்கு விமானங்களையும் கடல் பக்கம் திருப்பி, ஏவுகணை எட்டும் தூரத்துக்கு வெளியே சுற்ற வைத்தார். ரேடார் அணைந்தது. இருவரிடம் எரிபொருள் குறைவாக இருந்ததால் அவர்களைப் பத்தூமி டேங்கருக்கு அனுப்பிவிட்டு, மற்ற இருவரும் மறு சுழற்சிக்கு இடைப்பட்ட அமைதியில் உள்ளே புகுந்து குண்டு வீசினர். ஒரு ஹார்னெட் திரும்பும் வழியில் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்தது. கிடைத்தது பகுதி வெற்றி. அன்றைய பேச்சில் ட்ரிகர் என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை; ஹார்ம்களில் ஒன்றையாவது மிச்சம் வைத்திருக்க வேண்டுமா என்பதில்தான் நெடுநேரம் வாதம் நடந்தது. முதல் இரவில் சொல்லாமல் வெளியேறியவர், இந்த இரவில் டேங்கருக்குப் போய்வந்த இருவரில் ஒருவர்.

வடிவமைப்பாளர் தம் முதல் வடிவத்தை முற்றிலும் கைவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அதைத் தனியாள் மிஷனாக மாற்றி, கடற்கரைப் பாதையைக் கட்டளையாகவே எழுதி வைத்திருக்கிறார். அந்த வடிவில் அது இப்போதும் குழுவின் கூட்டு மிஷனைவிடப் பரபரப்பானது என்பது அவர் கருத்து. அதைப் பறந்து பார்த்த நானும் அதை மறுக்கவில்லை.

இனி மாற்ற நினைப்பவை

குறிப்பை எழுதும் முறை முதலில் மாறும். பாதையை வரைந்து கொடுப்பதற்குப் பதிலாக, எதிரியைப் பற்றித் தெரிந்தது, ஐயப்படுவது, தெரியாதது என்று பிரித்துத் தந்து, பாதையைத் தாக்குதல் தலைவரே வகுக்கும்படி விடுவதாகத் திட்டம். பறப்பதற்கு முந்தைய நாள் எந்தச் சேர்க்கையும் செய்வதில்லை. செய்தே ஆக வேண்டுமானால் ஆளில்லா ஓட்டத்தை மறுபடி நடத்த வேண்டும்.

மிக்குகளின் நடத்தை இன்னும் திருப்தி தரவில்லை. எழுந்த பிறகு அவை அருகில் உள்ள எதையும் துரத்துகின்றன. மூன்றாம் இரவில் அவற்றில் ஒன்று எரிபொருள் தீரும்வரை ஒரே எஃப்-15ஐத் துரத்திக்கொண்டு கடலுக்குள் வெகுதூரம் போனது. ட்ரிகர்களால் இதை ஓரளவே கட்டுப்படுத்த முடியும். அதற்கு மாற்றாக, குழுவில் ஒருவர் பறக்காமல் கேம் மாஸ்டர் இடத்தில் அமர்ந்து, சிவப்பு அணியின் தளபதியாக, மிக்குகளை எப்போது எழுப்புவது, எப்போது திருப்பி அழைப்பது என்று தாமே முடிவெடுக்கலாம் என்று பேசப்பட்டது. முன்னெச்சரிக்கை ரேடார் காணக்கூடியதை மட்டும் வைத்தே அவர் முடிவெடுக்க வேண்டும் என்பது எஃப்-16 தலைவரின் நிபந்தனை. வரைபடம் முழுவதும் கண்ணெதிரே விரிந்திருக்கும்போது ஒருவர் அதை எவ்வளவு தூரம் கடைப்பிடிப்பார் என்ற ஐயம் எனக்கு உண்டு. ஒரு முறை முயன்று பார்ப்பது என்று உடன்பாடு ஆகியிருக்கிறது. வாரத்தில் கிடைக்கும் ஒரே பறக்கும் இரவை யார் விட்டுக்கொடுப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.